பனிச்சறுக்கில் சம்பாதித்தால் கால்பந்து ஆடக் கூடாதா? ஜெரமி புளூம் வழக்கு

2002 கால்பந்து சீசன். கொலராடோ பல்கலைக்கழக அணிக்குப் புதிதாக வந்த ஒரு மாணவர், கல்லூரி ஆட்டத்தில் முதல்முறையாகப் பந்து கைக்கு வந்ததுமே 75 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். அதே சீசனில் கேன்சஸ் ஸ்டேட் அணிக்கு எதிராக 94 கெஜத்துக்கு ஒரு டச்டவுன். அரங்கம் எழுந்து நின்றது. அந்த ஜெரமி புளூமுக்கு இன்னொரு முகமும் இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காகப் பனிச்சறுக்கில் இறங்கி ஒன்பதாவதாக வந்திருந்தார்.

(இந்தக் கட்டுரையில் கால்பந்து என்று வருவதெல்லாம் அமெரிக்கக் கால்பந்து. தலைக்கவசம் மாட்டி, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன்.)

இரண்டு ஆண்டு கழித்து, 2004 ஆகஸ்டில், அவர் இனிக் கல்லூரிக் கால்பந்து ஆட முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது. ஊக்கமருந்து எடுக்கவில்லை, தேர்வில் தோற்கவில்லை, சூதாடவில்லை. பனிச்சறுக்கு வீரராக விளம்பரப் பணம் வாங்கினார், அவ்வளவுதான். கல்லூரி விளையாட்டு வீரர்களின் வெளி வருமானத்துக்கு வரம்பு வைப்பது நியாயமா என்ற வாதத்தில் இதைவிடப் பெரிய வழக்குகள் உண்டு. அவற்றில் பல நூறு கோடி டாலர் புரண்டிருக்கிறது. ஆனால் அந்த வாதத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று பார்க்க எனக்கு இந்தச் சின்ன வழக்குதான் உதவியது.

ஆளும் அவருக்கு வந்த வாய்ப்புகளும்

புளூம் கொலராடோ மாநிலத்தின் லவ்லேண்ட் ஊர்க்காரர். அவருடைய பிரிவு மொகல்ஸ். பனிச்சரிவு முழுக்க மேடு மேடாக இருக்கும். முழங்கால் இரண்டும் ஸ்பிரிங் மாதிரி மடங்கி நிமிர இறங்க வேண்டும், நடுவில் இரண்டு இடங்களில் அந்தரத்தில் சாகசம் வேறு காட்ட வேண்டும். கால்பந்துக்குக் கொலராடோ பல்கலைக்கழகம் அழைத்தபோது, ஒலிம்பிக்குக்காக அவர் சேர்க்கையைத் தள்ளிப்போட்டார். ஒலிம்பிக்கில் பதக்கம் வரவில்லை, ஆனால் அதே பருவத்தில் மொகல்ஸ் உலகக் கோப்பைப் பட்டம் கிடைத்தது. அப்போது வயது இருபதைத் தொடவில்லை. பார்க்கவும் லட்சணமாக இருப்பார்.

அப்புறம் என்ன? எம்.டி.வி.யில் முகம் காட்டினார். சிறுவர் சேனலான நிக்கலோடியன் ஒரு நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கக் கூப்பிட்டது. டாமி ஹில்ஃபிகர் நிறுவனத்தின் ஆடைகளுக்கு மாடலாக ஒப்பந்தம் ஆனது. பனிச்சறுக்குச் சாதனங்களுக்கு விளம்பரம் செய்யவும் ஒப்புக்கொண்டார்.

மொகல்ஸ் வீரருக்கு மாதச் சம்பளம் தர அணி முதலாளி என்று யாரும் கிடையாது. ஊர் ஊராக, நாடு நாடாகப் பனியைத் தேடிப் போக வேண்டும். பயிற்சியாளர், பயணம், சாதனம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பரிசுப்பணத்தை நம்பி இதைச் செய்ய முடியாது. ஸ்பான்சர்தான் சம்பளம். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் வழக்கு புரியும்.

விதி என்ன சொன்னது

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்துவது என்.சி.ஏ.ஏ. என்ற சங்கம். 1906-ல் தொடங்கியது. அரசு அமைப்பு இல்லை. கல்லூரிகளே உறுப்பினர்கள், விதிகளையும் அவையே வகுத்துக்கொள்கின்றன. நம்மூர்க் கல்லூரி விளையாட்டு விழாவை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் ஒன்றும் பிடிபடாது. கொலராடோவின் சொந்த மைதானத்திலேயே சுமார் 50,000 பேர் உட்காரலாம். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் லட்சத்துக்கும் மேல். 2010-ல் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டித் தொடரின் ஒளிபரப்பு உரிமை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு விலைபோனது. இவ்வளவு பணம் புரளும் இடத்தில், ஆடுகிற மாணவர் மட்டும் அமெச்சூராக இருக்க வேண்டும். படிப்புக்கான ஸ்காலர்ஷிப் உண்டு, தங்குமிடம் உண்டு, சாப்பாடு உண்டு. அதற்கு மேல் அவருடைய விளையாட்டுத் திறனுக்கோ புகழுக்கோ யாரும் காசு தரக் கூடாது.

இதில் ஒரு விலக்கும் இருந்தது. ஒரு விளையாட்டில் தொழில்முறை வீரராக இருப்பவர், வேறொரு விளையாட்டில் கல்லூரிக்காக அமெச்சூராக ஆடலாம். கிறிஸ் வைன்கே என்பவர் டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் கீழ்நிலை லீக்குகளில் ஆறு சீசன் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடிவிட்டு, பிறகு ஃபுளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆட வந்தார். 2000-ல், தன் 28-ஆவது வயதில், கல்லூரிக் கால்பந்தின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையையும் வாங்கினார். யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

ஆக, பேஸ்பால் வீரர் அணியிடம் சம்பளம் வாங்கலாம். பனிச்சறுக்கு வீரர் ஸ்பான்சரிடம் பணம் வாங்கலாமா? இங்கேதான் இன்னொரு விதி குறுக்கே வந்தது. கல்லூரி வீரர் எந்த வணிகப் பொருளுக்கும் தன் பெயரையோ படத்தையோ தரக் கூடாது, விளையாட்டுப் புகழை வைத்து வரும் ஊடக வேலைக்குச் சம்பளம் வாங்கக் கூடாது. இந்த விதியில் 'வேறு விளையாட்டு' என்ற விலக்கு எழுதப்படவில்லை.

கொலராடோ பல்கலைக்கழகமே புளூமுக்காக விலக்கு கேட்டு எழுதியது. மறுப்பு வந்தது. ஊடக விதிக்கு அவருக்குச் சாதகமான விளக்கமாவது தாருங்கள் என்று மறுபடி கேட்டது. அதற்கும் மறுப்பு. புளூம் ஒப்பந்தங்களை நிறுத்திவிட்டு 2002-ல் கால்பந்து ஆடப் போனார். கூடவே நீதிமன்றத்துக்கும் போனார்.

போல்டர் நீதிமன்றத்தில்

பல்கலைக்கழகம் இருக்கும் போல்டரிலேயே, மாநில நீதிமன்றத்தில் வழக்கு. தனக்கு எதிராக அந்த விதிகளைப் பயன்படுத்தாமலிருக்க இடைக்கால உத்தரவு வேண்டும் என்பதே கோரிக்கை. என்.சி.ஏ.ஏ. தண்டனை விதிகளில் ஒரு கொக்கியும் இருந்தது. மாணவர் நீதிமன்ற உத்தரவின் பேரில் ஆடி, பிறகு மேல்முறையீட்டில் அந்த உத்தரவு ரத்தானால், அவரை ஆடவிட்ட கல்லூரியைச் சங்கம் தண்டிக்கலாம். நீதிமன்ற உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததற்குத் தண்டனை! அதையும் தடுக்கச் சொல்லி புளூம் கேட்டார்.

அவருடைய முக்கிய வாதம் நேரடியானது. வேறு விளையாட்டில் தொழில்முறை வீரராக இருக்க உங்கள் விதியே அனுமதிக்கிறது. ஒவ்வொரு விளையாட்டிலும் வீரர்களுக்கு வழக்கமாகப் பணம் வரும் வழி வேறு. பேஸ்பாலில் சம்பளம், பனிச்சறுக்கில் ஸ்பான்சர். ஒருவருக்கு அவருடைய வழியைத் திறந்துவிட்டு எனக்கு என்னுடைய வழியை அடைத்தால், அந்த அனுமதி எனக்கு வெறும் காகிதம்தானே?

இரண்டாவது வாதம் இன்னும் காரமானது. என்னை வணிகச் சுரண்டலிலிருந்து காப்பதற்காக இந்த விதி என்கிறீர்கள். ஆனால் என் கல்லூரி ஒரு நிறுவனத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அதன் சின்னத்தை என் சட்டையில் ஒட்டி என்னை ஓடவிடுகிறது. நான் நடமாடும் விளம்பரப் பலகையாக இருக்கலாம், அதற்கான வாடகை மட்டும் எனக்கு வரக் கூடாது, அப்படியா?

விசாரணை நீதிமன்றம் பாதி தூரம் அவருடன் வந்தது. என்.சி.ஏ.ஏ.வுக்கும் உறுப்புக் கல்லூரிகளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தால் பயன்பெற வேண்டிய மூன்றாம் தரப்பு மாணவர். ஆகவே அவர் வழக்குத் தொடுக்கலாம் என்றது. கேட்கச் சின்ன விஷயம்போல இருக்கும். ஆனால் இது முக்கியமான படி. கல்லூரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட விதிப்புத்தகத்தைக் கையில் எடுத்து, 'இதை ஒழுங்காகப் பின்பற்றுங்கள்' என்று கேட்கும் உரிமை, அதில் கையெழுத்தே போடாத மாணவருக்கும் உண்டு என்று ஆனது. ஆனால் இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை. மூல வழக்கில் ஜெயிக்க நியாயமான வாய்ப்பு இருப்பதாக அவர் காட்டவில்லை என்பது காரணம்.

புளூம் மேல்முறையீடு செய்தார். 2004 மே மாதம் கொலராடோ மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ் நீதிமன்றத்தின் முடிவை உறுதி செய்தது.

தீர்ப்பின் நூலிழை

அந்தத் தீர்ப்பை வெறும் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. நீதிபதிகள் விதிப்புத்தகத்தை முழுதாகச் சேர்த்துப் படித்தார்கள். சம்பளத்தைப் பற்றிய விதி 'வேறு விளையாட்டில் பரவாயில்லை' என்று சொல்கிறது. விளம்பர விதி அப்படி எதையும் சொல்லவில்லை. ஆகவே, ஒரு விளையாட்டில் வழக்கமாக வரும் எல்லா வருமானத்துக்கும் உரிமை இருக்கிறது என்று விதி வாக்களிக்கவில்லை. சட்டப்படி இது சரியான வாசிப்பு என்றே எனக்கும் தோன்றுகிறது. விதி நியாயமானதா என்பது வேறு கேள்வி; அந்தக் கேள்வி நீதிமன்றத்தின் முன் நேராக வரவில்லை. சங்கம் தன் விதியை மனம்போன போக்கில் பயன்படுத்தியதா என்பதுதான் அவர்கள் முன் இருந்தது. இல்லை என்றார்கள். கல்லூரி வாங்கும் விளம்பரப் பணத்தையும் மாணவர் வாங்கும் விளம்பரப் பணத்தையும் சங்கம் வேறு வேறாக நடத்துவதையும் அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் தீர்ப்பில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. டி.வி. வாய்ப்பு அவருடைய விளையாட்டுத் திறனால் வந்ததல்ல, முக லட்சணத்தாலும் கேமரா முன் இருக்கும் இயல்பாலும் வந்தது என்று ஒரு வாதம் எழுந்தது. நடிக்கவோ மாடலாகவோ ஆடிஷனுக்குப் போகும்போது விளையாட்டு வீரர் என்ற பெயர் அவருக்குக் கைகொடுக்கும் என்பதற்கு ஆவணத்தில் சாட்சியம் இருப்பதை மேல்முறையீட்டு நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அதாவது இந்தப் பணம் அழகுக்கா, பனிச்சறுக்குக்கா, கால்பந்துக்கா என்று யாராலும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

பிரிக்க முடியாவிட்டால் என்ன நடக்கும்? என்.சி.ஏ.ஏ.யின் பயம் அதுதான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 'பூஸ்டர்' என்று ஒரு வகை மனிதர் உண்டு. பெரும்பாலும் பணக்காரப் பழைய மாணவர். தன் கல்லூரி அணி ஜெயிக்க வேண்டும் என்பதற்காக எதையும் செய்வார். சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்டவர்கள் ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்து வந்தது வெளியாகி, அந்த அணியின் 1987 சீசன் முழுவதையும் என்.சி.ஏ.ஏ. ரத்து செய்தது. விளம்பர ஒப்பந்தம் என்ற கதவைத் திறந்துவிட்டால், கார் ஷோரூம் வைத்திருக்கும் பூஸ்டர் ஒருவர், பனியை நேரில் பார்த்தேயிராத ஆட்டக்காரருக்கும் 'விளம்பரத் தூதர்' என்று பெயர் வைத்து அணிக்கு இழுத்துவிடுவார். பயத்தில் உண்மை இருந்தது. அந்தப் பயத்துக்காக யாரைப் பிடித்தார்கள் என்பதில்தான் கோளாறு.

அதன்பின் புளூம்

2006 டூரின் ஒலிம்பிக் நெருங்கிக்கொண்டிருந்தது. பணமில்லாமல் தயாராக முடியாது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2004 தொடக்கத்தில், மறுபடி ஸ்பான்சர் பணத்தை ஏற்கத் தொடங்கிவிட்டார். ஆகஸ்டில் என்.சி.ஏ.ஏ.விடம் பல்கலைக்கழகம் செய்த கடைசி முறையீடும் தள்ளுபடியானது. செப்டம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் துணைக்குழு ஒன்றின் முன் சாட்சியம் சொன்னார். அதனாலும் எதுவும் மாறவில்லை.

2005-ல் உலகக் கோப்பைப் போட்டிகளில் அடுத்தடுத்து ஆறு வெற்றி. டூரினில் ஆறாவது இடம். அதன் பிறகு, இரண்டு ஆண்டு கல்லூரிக் கால்பந்தே ஆடாதவரை, பிலடெல்பியா ஈகிள்ஸ் என்ற தொழில்முறை அணி, கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் 2006 தேர்வின் ஐந்தாம் சுற்றில் எடுத்தது. ஆனால் காயங்கள் விடவில்லை. தொழில்முறை லீக்கின் சீசன் ஆட்டம் ஒன்றில்கூட இறங்காமலே கால்பந்து முடிந்தது. பின்னாளில் முதியவர்களின் ஆசைகளை நிறைவேற்றும் ஓர் அறக்கட்டளையையும் ஒரு மென்பொருள் நிறுவனத்தையும் தொடங்கினார். அந்த இரண்டு சீசன் கிடைத்திருந்தால் அவருடைய கால்பந்து எங்கே போயிருக்கும் என்று கணக்குப் போடுவதில் அர்த்தமில்லை. எங்கே போயிருந்தால் என்ன, கல்லூரி ஆட்டம் நடக்கும் அந்தச் சனிக்கிழமைகள் போனது போனதுதான்.

நியாயம் எங்கே இடறியது

'மாணவர்-வீரர்' என்ற சொல்லுக்கே ஒரு கதை இருக்கிறது, அதுவும் கொலராடோவில். டென்வர் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டக்காரர் ஒருவருக்குப் பயிற்சியின்போது முதுகில் அடிபட்டது. அவர் பல்கலைக்கழகத்தின் தொழிலாளி, இழப்பீடு உண்டு என்று 1953-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்லூரிகள் அரண்டுவிட்டன. 1955-ல் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி ஆட்டக்காரர் ஒருவர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி இழப்பீடு கேட்டார். கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை என்று சொல்லி 1957-ல் அதே உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் காலத்தில்தான், 1951 முதல் 1987 வரை என்.சி.ஏ.ஏ.யை நடத்திய வால்டர் பையர்ஸ், 'மாணவர்-வீரர்' என்ற பெயரை ஊரெங்கும் புழங்கவிட்டார். ஆட்டக்காரரைத் தொழிலாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் நோக்கம். ஓய்வுபெற்ற பிறகு அதை அவரே ஒப்புக்கொண்டு, இந்த ஏற்பாட்டைக் கடுமையாக விமர்சிக்கவும் செய்தார்.

அதனால் அமெச்சூர் என்ற கொள்கையைத் தூய்மையின் அடையாளமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தூய்மைதான் நோக்கம் என்றால் விதி ஒரே மாதிரி இருந்திருக்கும். அப்படி இல்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் மைக்கேல் ஃபெல்ப்ஸைத் தோற்கடித்துத் தங்கம் வென்ற சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் அப்போது டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர். சிங்கப்பூரில் அவருக்குக் கிடைத்த பரிசு பத்து லட்சம் சிங்கப்பூர் டாலர். அதை வாங்கிக்கொண்டே கல்லூரி அணியில் நீந்தினார். ஒலிம்பிக் பரிசுக்கு முந்தைய ஆண்டுதான் வெளிநாட்டு வீரர்களுக்கும் விலக்கு தந்திருந்தார்கள். அதே ரியோவில் நான்கு தங்கம் வென்ற கேட்டி லெடெக்கி, ஸ்டான்ஃபோர்டில் நீந்திய காலமெல்லாம் ஒரு நீச்சலுடை விளம்பரம்கூடச் செய்ய முடியவில்லை. 2018-ல் கல்லூரி நீச்சலை விட்ட பிறகுதான் முடிந்தது. நாட்டின் ஒலிம்பிக் குழு கொடுத்தால் கறை இல்லை, கடைக்காரர் கொடுத்தால் கறை. இதில் என்ன கொள்கை இருக்கிறது?

2017-ல் இது கேலிக்கூத்தாகவே ஆனது. சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பந்தை உதைப்பதற்கென்று இருந்த ஆட்டக்காரர் டொனால்ட் டி லா ஹே. யூடியூபில் வீடியோ போட்டு அதில் விளம்பர வருமானம் பார்த்தார். என்.சி.ஏ.ஏ. ஒரு சமரசம் முன்வைத்தது. வீடியோவில் காசு பார்க்கலாம், ஆனால் அந்த வீடியோக்களில் அவர் ஆட்டக்காரர் என்று தெரியக் கூடாது. அவருடைய வாழ்க்கையே ஆட்டம்தான், அதைக் காட்டாமல் எதைக் காட்டுவது? மறுத்தார், ஸ்காலர்ஷிப் போனது. கல்லூரியில் இசை படிக்கும் மாணவர் சனிக்கிழமை மேடையேறிப் பாடிக் காசு வாங்கலாம். கணினி படிப்பவர் செயலி எழுதி விற்கலாம். தான் எதில் கெட்டிக்காரரோ அதைச் சொல்லிக் காசு பார்க்க முடியாத மாணவர் அந்த வளாகத்தில் ஆட்டக்காரர் மட்டும்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வரம்பு இல்லாவிட்டால் பணக்கார பூஸ்டர்கள் உள்ள கல்லூரியே எல்லா நல்ல ஆட்டக்காரர்களையும் வாங்கிவிடும், போட்டியில் சமநிலை போய்விடும் என்ற வாதம் இருக்கிறது. அதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் வரம்பு இருந்த காலத்திலும் சமநிலை எங்கே இருந்தது? பணம் ஆட்டக்காரரின் கைக்குப் போகாமல், பயிற்சியாளர் சம்பளத்துக்கும் பளிங்கு பதித்த உடைமாற்று அறைகளுக்கும் போனது. ஆட்டக்காரர்கள் அந்த அறைகளைப் பார்த்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

கதவு திறந்த விதம்

2019 செப்டம்பர் 30-ல் கலிபோர்னியா ஆளுநர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தன் பெயர், உருவம், புகழ் ஆகியவற்றைக் கொண்டு சம்பாதிக்கும் வீரரை அந்த மாநிலக் கல்லூரிகள் தண்டிக்க முடியாது என்பது சட்டம். மாநில அவைகளின் இறுதி வாக்கெடுப்பில் ஓர் எதிர்ப்பு வாக்குக்கூட விழவில்லை. மற்ற மாநிலங்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தன. வராமலிருந்தால் ஆட்டக்காரர்கள் கலிபோர்னியாவுக்குப் போய்விடுவார்களே! 2021 ஜூன் 21-ல் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு படிப்பு சம்பந்தமான சலுகைகளைப் பற்றியது, வெளி வருமானத்தைப் பற்றியதல்ல. ஆனாலும் சங்கத்துக்குச் செய்தி புரிந்துவிட்டது. பத்தே நாளில், ஜூலை 1 அன்று, விளம்பரத் தடை விலக்கப்பட்டது. புளூம் இருபது ஆண்டுக்கு முன் கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்தது: வேறு விளையாட்டின் புகழ் மட்டுமல்ல, சொந்த விளையாட்டின் புகழையும் விற்கலாம்.

பிறகு நடந்ததைப் பார்த்தால், 2004-ன் நீதிபதிகள் கண்ட சிக்கல் கற்பனையில்லை என்று தெரியும். பூஸ்டர்கள் சேர்ந்து 'கலெக்டிவ்' என்ற பெயரில் நிதி அமைப்புகள் தொடங்கினார்கள். ஆட்டக்காரர் ஏதோ ஒரு நிகழ்ச்சிக்கு வந்து தலைகாட்டுவார், ஒரு பதிவு போடுவார், அதற்குப் பெருந்தொகை. காகிதத்தில் அது விளம்பரம், நடைமுறையில் அணியில் சேரச் சம்பளம். கிட்டத்தட்ட கார் ஷோரூம் கதைதான்.

2025 ஜூன் மாதம், வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் ஒரு சமரசத்துக்குக் கூட்டாட்சி நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்தார். முன்னாள் இந்நாள் வீரர்களுக்கு 280 கோடி டாலர் இழப்பீடு. 2025-26-ல் ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்களுக்கு நேரடியாகவே சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பங்கு தரலாம். வெளியிலிருந்து 600 டாலர் அல்லது அதற்கு மேல் வரும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து அனுமதி வாங்க வேண்டும். உண்மையான வணிக நோக்கம் இருக்கிறதா, தொகை சந்தை விலைக்கு ஏற்றதா என்று இதற்கென அமைந்த குழுவினர் பார்ப்பார்கள். கலெக்டிவ்களின் ஒப்பந்தங்களை முதலில் ஏற்க மறுத்து, வீரர்களின் வழக்கறிஞர்கள் எதிர்த்ததும் ஜூலையிலேயே இறங்கி வந்தார்கள்.

இந்தப் பணம் எதற்காக வருகிறது? போல்டரில் கேட்ட அதே கேள்வி. அன்று பதில் சொல்வது கடினம் என்பதற்காக எல்லாப் பணத்தையும் தடுத்தார்கள். இன்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்ல முயல்கிறார்கள். என் பார்வையில் இரண்டாவது வழிதான் நியாயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, எவ்வளவு வழக்கு வந்தாலும் சரி. புளூமின் காகிதங்களை இப்படிப் பார்த்திருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும். உலகக் கோப்பை வென்ற மொகல்ஸ் வீரர், பனிச்சறுக்குச் சாதனம் விற்கும் நிறுவனம். இதில் பூஸ்டர் எங்கே வந்தார்?

2021-க்குப் பிறகும் வரம்பு முழுதாகப் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டென்னிஸில் கல்லூரி வீரர் தொழில்முறைப் போட்டியில் ஆடலாம், செலவுக்கு மேல் பரிசுப்பணம் வைத்துக்கொள்ள முடியாது என்பது நெடுங்காலமாக இருந்த விதி. சென்னையில் பயிற்சி பெற்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போய் 2007, 2008 இரண்டு ஆண்டும் கல்லூரி ஒற்றையர் பட்டம் வென்ற சோம்தேவ் தேவ்வர்மன் ஆடியது இந்த விதியின் கீழ்தான். கல்லூரியை முடித்த சில மாதங்களில், 2009 தொடக்கத்தில், அவர் சென்னை ஓப்பன் இறுதிப் போட்டியில் நின்றார். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ரீஸ் பிராண்ட்மையர், கல்லூரியில் சேருமுன் 2021 அமெரிக்க ஓப்பனில் வென்ற சுமார் 49,000 டாலரில் பெரும்பகுதியைக் கைவிட வேண்டியிருந்தது என்று சொல்லி 2024-ல் வழக்குத் தொடுத்தார். எவ்வளவு விசித்திரம் பாருங்கள். புளூம் காலத்தில் இன்னொரு விளையாட்டில் சம்பாதித்த சம்பளம் பரவாயில்லை, விளம்பரம் கூடாது. பிராண்ட்மையர் வழக்குப் போட்டபோது விளம்பரம் எவ்வளவும் செய்யலாம், பந்தடித்து ஜெயித்த காசு கூடாது.

வெளிநாட்டு மாணவர்களுக்கு வேறொரு சுவர். எஃப்-1 எனும் மாணவர் விசாவில் போனவர் வளாகத்துக்கு வெளியே வேலை செய்வதற்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது. பக்கத்து லாக்கர்க்காரர் விளம்பரத்தில் சிரித்துக் காசு வாங்கும்போது, இந்தியாவிலிருந்து போன மாணவர் அதே வேலையைச் செய்தால் விசாவுக்கே ஆபத்து வரலாம். இதற்கு என்.சி.ஏ.ஏ.யைக் குறை சொல்ல முடியாது. இது குடியேற்றச் சட்டம்.

போல்டரில் புளூம் ஓடிய அதே மைதானத்தில், 2024-ல் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்காகக் கொலராடோ அணியில் இருந்தவர் ஷெடூர் சாண்டர்ஸ். அவர் கல்லூரியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே நைக்கி நிறுவனத்துடன் தன் பெயரில் ஒப்பந்தம் போட்டார். கொலராடோ அணியின் சட்டையில் இருந்ததும் நைக்கி சின்னம்தான்.